அக்காவின் கோளும் நான் திட்டாத நாட்களும்

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "காத்து பாக்கற வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, "காத்து கருப்பா?" என்று குரலைத் தாழ்த்தினார். தன் மருமகனுக்கு ஏதோ பிடித்திருக்கிறதாம், ஒருநாள் கூட்டி வரலாமா என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் உட்காரவைத்து விளக்க வேண்டியதாகிவிட்டது.

விளக்கம் இதுதான். சூரியனைச் சுற்றி நம் பூமி ஓடுவதுபோல மற்ற நட்சத்திரங்களைச் சுற்றியும் கோள்கள் ஓடுகின்றன. அந்தக் கோள்களில் காற்று இருக்கிறதா, இருந்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. கோள் கண்ணுக்குத் தெரியாது. அது தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் ஒரு துளி மங்கும். பஸ் விளக்குக்குக் குறுக்கே கொசு போனால் எவ்வளவு மங்கும், அவ்வளவுதான். கோளைச் சுற்றிக் காற்று இருந்தால் அது வெளிச்சத்தின் சில நிறங்களை விழுங்கிவிடும். அந்த நிறங்களில் மட்டும் கோள் கொஞ்சம் பருத்துத் தெரியும். அதைக் கோடாக வரைந்தால் அந்த இடத்தில் ஒரு மேடு எழும். காற்றே இல்லாத வெறும் பாறை என்றால் எல்லா நிறத்திலும் ஒரே பருமன். கோடு சமமாகப் படுத்துவிடும். மேடா, சமமா? இத்தனை படிப்பும் இத்தனை கம்ப்யூட்டரும் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

நான் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். என் கார் உச்சியில் மஞ்சள் போர்டு, என் காலடியில் தனியாக ஒரு பிரேக், என் வாயில் பிரேக்கே கிடையாது. இப்படி என் மாணவர்கள் சொல்வார்கள், என் காதுபடவே. ஒருவரைத் திட்டாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதை நான் நம்பவில்லை. வீட்டிலும் அப்படித்தான். அக்காவுக்கும் எனக்கும் தினமும் ஒரு சண்டையாவது நடக்கும். நடக்காவிட்டால் அவளுக்கு உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் எனக்குச் சரியில்லை என்று அர்த்தம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன், சாப்பாடு மூன்று பேருக்கும் சேர்த்துக் கீழே.

சண்டைகளில் பாதி ஜன்னல் சண்டை. அக்கா எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத் திறப்பாள். மழையோ குளிரோ அவளுக்குக் கணக்கில்லை. நாங்கள் சிறு வயதில் இருந்த வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அந்தச் சந்தில் கன்னத்தை வைத்து மேலே பார்த்தால் கயிறு அளவுக்கு வானம் தெரியும். அக்கா வீட்டுப்பாடத்தை அங்கே நின்றுகொண்டு எழுதுவாள். எனக்கு அந்த இடம் மூச்சு முட்டும். நான் தெருவுக்கு ஓடிவிடுவேன். அவள் அங்கேயே நிற்பாள், கழுத்து சுளுக்கிக்கொண்டு.

அவளுக்கு ஆசை என்று ஒன்றுதான் உண்டு. பெரிய பெரிய கோள்களில் காற்றை எப்போதோ பார்த்துவிட்டார்கள். அவை முழுக்கக் காற்று மூட்டைகள்தான், அதில் என்ன அதிசயம் என்பாள். பூமியைப் போலச் சின்னதாக, காலை ஊன்றி நிற்கப் பாறைத் தரை உள்ள ஒரு கோளில் காற்றைப் பார்க்க வேண்டும். அந்த மாதிரிக் கோள்கள் வசதியாக அகப்படுவது சிறிய சிவப்பு நட்சத்திரங்களைச் சுற்றி. அந்த நட்சத்திரங்களோ உருவத்தில் சிறிது, கோபத்தில் பெரிது, கிட்டத்தட்ட என்னைப் போல. அடிக்கடி சீறிப் பக்கத்தில் இருக்கும் கோளின் காற்றையெல்லாம் ஊதித் தள்ளிவிடும். அக்கா பார்த்த ஒவ்வொரு சின்னக் கோளும் வெறும் பாறையாகவே போனது.

"ஒண்ணாவது தன் காத்தை விடாமப் பிடிச்சு வெச்சிருக்கணும்டி," என்பாள். "அந்த ஒண்ணை நான் பாத்துட்டாப் போதும்."

இப்போது அவள் கண் வைத்திருந்த கோளுக்கு எண்ணும் எழுத்துமாக ஒரு நீளப் பெயர். வீட்டில் அதற்குக் குட்டி என்று பெயர். குட்டி நட்சத்திரத்திலிருந்து கொஞ்சம் தள்ளியே இருக்கிறது, அதனால் தப்பித்திருக்கலாம் என்று அக்காவுக்கு நம்பிக்கை. விண்வெளித் தொலைநோக்கியில் குட்டியைப் பார்க்க நேரம் கேட்டு வருடா வருடம் விண்ணப்பித்தாள். வருடா வருடம் இல்லை என்றார்கள். கடைசியில் போன வருடம் கிடைத்தது. அன்று அவள் சிரிக்கக்கூட இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். சந்தோஷத்தை எப்போதும் தள்ளியே வைப்பாள் அவள். அவள் ஒரு தடவை முழுசாகச் சந்தோஷப்பட்டு நான் பார்க்க வேண்டும், என் ஆசை அவ்வளவுதான்.

இனி மாமாவைப் பற்றி. அக்காவின் கணவர், அதே ஆராய்ச்சிக் குழு, அதே வேலை. குழுவில் அவருக்குச் சட்டப்புத்தகம் என்று பட்டப்பெயர். பச்சை விளக்கு எரியாவிட்டால், தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும், ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் மனிதர். நல்லவர். பேசினால் அளந்துதான் பேசுவார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தொலைநோக்கி அனுப்பும் தகவலை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். இரண்டு பேரும் அவரவர் வழியில் சுத்தம் செய்து கோடு வரைய வேண்டும். ஒப்பிடும் நாள் வரைக்கும் ஒருவர் கோட்டை ஒருவர் பார்க்கவோ, அதைப் பற்றி மூச்சு விடவோ கூடாது. ஒருவரின் ஆசை இன்னொருவர் கையில் ஏறிவிடும் என்று பயம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முன்பு ஒரு தடவை இங்கே தரையில் உள்ள தொலைநோக்கியில் பார்த்து, தூரத்துக் கோளில் ஈரக் காற்று என்று எல்லோருமாகக் கூடிக் குதித்திருக்கிறார்கள். கடைசியில் அது அவர்கள் தலைக்கு மேலேயே இருந்த பூமியின் ஈரக் காற்று. அந்த மானக்கேட்டுக்குப் பிறகு வந்தது இந்த வழக்கம்.

குட்டியின் தகவல் வந்தபோது குழுத் தலைவி பெரிய மேடம் அதைக் கொடுத்த இரண்டு பேர் யார் என்றால், என் அக்காவும் மாமாவும். இந்த வேலையில் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இல்லையாம். இருக்கட்டும். வீட்டில் கிடந்து அவதிப்பட்டவள் நான் அல்லவா?

சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். குழாய் சரியானதும் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. வருடக்கணக்காக அந்த மேஜையில் கோள்களைத் தவிர வேறு எதையும் பேசாதவர்கள் அவர்கள். இப்போது மாமா காய்கறியின் நிறத்தைப் பாராட்டினார், அக்கா அவர் சட்டைப் பொத்தானைப் பற்றி விசாரித்தாள். பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இதைவிட நன்றாகப் பேசிக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் அலுவலகத்தை ஊருக்கு வெளியே மாற்றியிருந்தார்கள், பஸ் அங்கே எப்போதாவதுதான் போகும். என் மாணவர்களிலேயே மோசமானவள் அவள். எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள், முன்னால் போகும் சைக்கிள் தெரியாது. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். அவளும் பதிலுக்குக் கத்துவாள். எனக்கு அந்த ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஒருநாள் மைதானத்தைச் சுற்றியுள்ள காலிச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தவள் தனக்குள் சிரித்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லயே."

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நீ சிரிச்சு நான் பாத்ததில்ல. அழுதுதான் பாத்திருக்கேன். வண்டியை ஓரங்கட்டு, விஷயத்தைச் சொல்லு."

ஓரங்கட்டினாள், பாதி நடைபாதை மேல். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"மேடு இருக்குடி."

"குட்டிக்கு மேடா?"

"நீராவி எந்த நிறத்தை விழுங்குமோ சரியா அந்த இடத்துல. சின்ன மேடுதான். இன்னும் சரி பாக்கணும். ஆனா இருக்கு."

"இதை என்கிட்ட சொல்லலாமா? உங்க சட்டம் என்ன ஆச்சு?"

"அவர்கிட்டயும் குழுவுலயும்தான் சொல்லக் கூடாது. டிரைவிங் டீச்சர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு யாரு எழுதி வெச்சிருக்கா? யார்கிட்டயாவது சொல்லலைன்னா வெடிச்சுடுவேன்டி." அப்புறம் தெருவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அவருக்கும் வந்திருக்கும்ல?"

"எனக்கெப்படித் தெரியும்? முதல்ல வண்டியை நடைபாதையிலேருந்து இறக்கு. நடக்கறவங்க உன் தலை மேலயா நடப்பாங்க?"

அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாத நிம்மதி அந்த வாரக் கடைசி வரைக்கும்தான் நீடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா துணி வாங்கப் போயிருந்தாள். சமையலறையில் மாமா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டும் ஒரே நீளத்தில் விழும் அவருக்கு. அன்று கோணல்மாணலாக விழுந்தது. நான் கேலி செய்யலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"டீச்சர், ஒருத்தர் தேற மாட்டார்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும் இல்லையா? அதை எப்படிச் சொல்லுவ?"

"நான் எங்க மாமா சொல்றேன்? டெஸ்ட் எடுக்கற அதிகாரி சொல்லுவாரு. நான் திட்டறதோட சரி. திட்டு வாங்கறவரைக்கும் அவங்களுக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும்."

"ஆமா," என்றார். கத்தியைக் கீழே வைத்தார். "ரொம்ப ஆசைப்பட்ட ஒருத்தரா இருந்தா?"

"மாமா, வேண்டாம். என்கிட்ட சொல்லாதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் சட்டப்புத்தகம். கண் கலங்கியிருந்தது. பீன்ஸ் நறுக்கினால் யாருக்கும் கண் கலங்காது. தானாகவே சொல்லிவிட்டார். "சமமா படுத்திருக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் சமமாத்தான் இருக்கு. எங்கேயாவது தப்பு பண்ணியிருப்பேன்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறேன். நான் தப்பா இருக்கணும்னு இதுவரைக்கும் நான் ஆசைப்பட்டதே இல்ல."

ஆக, உலகத்திலேயே இரண்டு கோடும் தெரிந்த ஒரே ஆள், கணக்கில் தட்டுத்தடுமாறிப் பள்ளியை முடித்த நான். நல்ல வழக்கம், நல்ல குழு! ஒருத்தி மேடு என்கிறாள், ஒருத்தர் சமம் என்கிறார். யார் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மாமா தப்பு செய்து நான் பார்த்ததில்லை. அதுதான் என்னை அரித்தது. அக்கா மேஜையில் எதிரே உட்கார்ந்து மாமாவின் முகத்தையே பார்ப்பாள், ஏதாவது தெரிகிறதா என்று. மாமா தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மென்று முழுங்கிக்கொண்டிருப்பேன், சாப்பாட்டையும் சொல்ல முடியாததையும் சேர்த்து.

ஒரு வார்த்தை நான் வெளியே விடவில்லை. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. அக்கா பாடத்துக்கு வரும்போதெல்லாம் குட்டியைப் பற்றியே பேசினாள். அங்கே மேகம் இருக்குமா, ஒரு பக்கம் எப்போதும் பகலாக இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நிழல் என்ன நிறத்தில் விழும். அங்கே போகப்போவதுபோலப் பேசினாள். "போக முடியாதுடி, தெரியும். இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், அந்தப் பக்கம் பாத்து நின்னுக்கலாம்," என்றாள். நான் உம் கொட்டினேன். அவள் சிக்னலைத் தாண்டினாள், தவறான கியரில் ஏறினாள், கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம், எங்கள் வீட்டுக் கேட்டுக்குள்ளே காரைப் பின்பக்கமாக எடுத்தவள் நேரே கொண்டுபோய்த் தூணில் இடித்தாள். படார் என்று ஒரு சத்தம். என் கார், என் சோறு போடும் கார். பின்விளக்கு நொறுங்கிக் கொட்டியது.

"பரவால்லக்கா," என்றேன். "மெதுவா முன்னாடி எடு."

அவள் முன்னாடி எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்தாள். என் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"என்ன சொன்ன?"

"பரவால்லன்னு சொன்னேன்."

"விளக்கு உடைஞ்சிருக்கு."

"மாத்திக்கலாம்."

"நீ என்னைத் திட்டி எத்தனை நாளாச்சு?" என்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "நானும் பாக்கறேன். ஜன்னலைத் திறந்தா மூடலை. நேத்து உன் துண்டை எடுத்துத் துடைச்சேன், ஒண்ணுமே சொல்லலை. நீ என்கிட்ட நல்லவளா நடக்கற. அம்மா செத்துப்போன வாரத்துல நடந்த மாதிரி."

நான் என்ன சொல்வேன்? வாயைத் திறந்தாலும் மாட்டிக்கொள்வேன், திறக்காவிட்டாலும் மாட்டிக்கொள்வேன். திறக்கவில்லை.

"அவருக்குச் சமமா வந்திருக்கு," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அப்போதும் நான் பேசவில்லை. அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, தலை அதன் மேல்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தேன்.

"உன் கோடுதான் சரியா இருக்கும்," என்றேன். "அவரு பெரிய இவரா?"

"இனிமே அது என் கோடு இல்லடி. நாளைக்குப் போய்ச் சொல்லிடணும்."

"எதை?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. என் கோட்டைத் தள்ளி வெச்சுட்டு வேற யாரையாவது போடச் சொல்லணும்."

அப்போதுதான் எனக்குத் திட்டு வந்தது. "பைத்தியமா உனக்கு? எத்தனை வருஷம் காத்திருந்த? யாரு சொன்னா உனக்கு? நானா சொன்னேன்? சும்மா இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. இன்னும் சரி பாக்கற வேலை பாதி கிடக்கு. இனி அதைத் தொட்டா என் கை மேடாக்கப் பாக்குதா, பயந்து சமமாக்கப் பாக்குதான்னு எனக்கே புரியாது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் துண்டில்தான். "வேற ஆளு பாத்து மேடு வந்தா, அது நெஜமான மேடு. பேரு யாரோடதா இருந்தா என்ன? காத்து இருந்தாச் சரி."

மறுநாள் பெரிய மேடத்திடம் சொல்லிவிட்டாள். மேடம் அக்காவின் கோட்டை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, அதே தகவலை அலுவலகத்தில் அவளுடைய எதிர்அறைக்காரரிடம் கொடுத்தார். அவருக்கும் அக்காவுக்கும் பல வருடப் பகை. வேறொன்றுமில்லை, அவள் வராந்தா ஜன்னலைத் திறப்பாள், அவர் மூடுவார்.

அன்று சாயங்காலம் மாமா மாடியேறி என் அறைக்கு வந்தார். அந்த வீட்டில் அவர் மாடியேறியது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், நீ சொன்னியா?"

"சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல மாமா. திட்டாம இருந்தேன். அதுலயே கண்டுபிடிச்சுட்டா."

அவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பேசினாத்தான் சொல்றதுன்னு நினைச்சுட்டோம்," என்றார். "நான்தான் உன்கிட்ட வந்திருக்கக் கூடாது." அப்புறம், "அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார். கீழே போய் அவரே கேட்டிருக்கலாம். கேட்டால் குரலில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மாடிக்கும் கீழுக்கும் நடந்து நடந்து கால் தேய்ந்தேன்.

எதிர்அறைக்காரர் தன் வேலையை முடிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒப்பிடும் நாள் வந்தபோது நான் ஒரு மாணவரோடு சந்தைச் சாலையில் இருந்தேன். போன் அடித்தது. பாட நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை. அன்று எடுத்தேன்.

"மேடு!" என்று அலறினாள் அக்கா. "எதிர்அறைக்காரருக்கும் மேடு வந்திருக்குடி! எனக்கு வந்த அதே இடத்துல! ரெண்டும் அப்படியே ஒட்டிக்கிட்டு உக்காருது! இருக்குடி, இருக்கு!"

பின்னால் ஆட்கள் பேசுவதும் நாற்காலிகள் இழுபடுவதும் கேட்டன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுக்கு இதுவரைக்கும் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் கேட்டதில்லை. சின்னப் பெண்போலக் கெக்கெக்கே என்று சிரித்தாள். நானும் கத்தினேன், மாணவர் பயந்துபோய் நடுரோட்டில் பிரேக் போட்டார். பின்னால் வந்த எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கை ஆட்டினேன், கல்யாண ஊர்வலத்தில் போகிறவள் மாதிரி. "இரு, இவர் ஏதோ சொல்லணும்கறாரு," என்று அக்கா போனை வைத்தாள்.

இவர் என்றால் மாமா.

பிறகு போன் வரவில்லை. அந்தப் பாடம் முடிந்து, அடுத்த பாடமும் முடிந்து, ஒரு செய்தி மட்டும் வந்தது. வந்து கூட்டிட்டுப் போ.

அலுவலக வாசலில் அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். மாமா கொஞ்சம் தள்ளி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். நான் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தண்ணி இருக்குடி," என்றாள். "ஆனா குட்டிகிட்ட இல்ல. நட்சத்திரத்துல இருக்கு."

"நெருப்புல எப்படிக்கா தண்ணி இருக்கும்?"

"அது சூடு கம்மியான நட்சத்திரம். அது மேல கறை கறையா இருக்கு, நம்ம சூரியன்ல இருக்குமே, அப்படி. கறை இன்னும் குளிர்ச்சி. அங்க நீராவி இருக்கும். குட்டி குறுக்கே போகும்போது ஒரு கறையைத் தாண்டியிருக்கு. கறை ஏற்கெனவே மங்கல், அதனால அந்த நேரம் மட்டும் வெளிச்சம் லேசா ஏறியிருக்கு. சின்ன எகிறல். கருவியோட இரைச்சல்னு நான் தள்ளிட்டேன். எதிர்அறைக்காரரும் தள்ளிட்டாரு. நாங்க எல்லாரும் அப்படி எகிறினா தள்ளிடுவோம், பழக்கம்." மாமாவைக் காட்டினாள். "இவர் தள்ளல. சட்டப்புத்தகம் எதையும் தள்ளாது. குட்டி மறைக்காத கறைங்களும் அந்த நிறத்தை விழுங்குது, அதான் குட்டி அதுல பருத்துத் தெரிஞ்சிருக்கு; கறையைக் கணக்குல எடுத்தா மேடு போயிடுது. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு காட்டினாரு."

மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது இருந்தது," என்றாள் அக்கா. "கொஞ்ச நேரம் எனக்கு அது இருந்ததுடி."

எழுந்து, கார் சாவியை அவள் கையில் திணித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து கார் ஜன்னல்கள் எல்லாவற்றையும் இறக்கினாள். நான் பக்கத்தில், மாமா பின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு. அவள் கிளம்பிய விதம் படுமோசம், கார் குதிரைபோலத் துள்ளியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சிக்னலில் நின்றோம்.

"அங்க யாரும் நேராச் சொல்லல," என்றாள் அக்கா, சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு. "சான்று கிடைக்கலைங்கறாங்க, முடிவு சொல்ல இயலாதுங்கறாங்க. நீ சொல்லு. நீ இதுவரைக்கும் எதையும் எனக்குப் பூசி மெழுகிச் சொன்னதில்ல. இந்த ஒரு விஷயத்துல மட்டும் வாயை மூடிக்கிட்ட. இப்பச் சொல்லு."

மாமாவிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது, அதிகாரிதான் சொல்லுவார் என்று. இங்கே அதிகாரி யாருமில்லை.

"இல்லக்கா," என்றேன். "குட்டிகிட்ட காத்து இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பச்சை விழுந்தது. பின்னாலிருந்து மாமா தொண்டையைச் செருமினார்.

"அப்படிச் சொல்லக் கூடாது," என்றார்.

"நீங்க சும்மா இருங்க மாமா," என்றேன்.

"இல்ல, சரியாச் சொல்லணும். நீராவி மேடு இல்லங்கறதுதான் தெரியும். மேல மேகம் மூடியிருந்தாலும் கோடு சமமாத்தான் வரும். ரொம்ப மெல்லிசாக் காத்து இருந்தாலும் சமமாத்தான் வரும்."

அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். என்னிடம் பாடம் ஆரம்பித்ததிலிருந்து அவள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்காகச் சொல்றீங்களா, நெஜமாவே சொல்றீங்களா?"

"நான் எப்ப உனக்காகப் பொய் சொல்லியிருக்கேன்?"

"எவ்வளவு மெல்லிசு?" என்று கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள். "நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். உன்கிட்டக் காட்டத்தான் முடியல." மாமா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி வந்தார். இத்தனை மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் அவர் வாயிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. அவள் குறுக்கே கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார், அவள் இல்லை என்றாள், அவர் குரலை உயர்த்தினார். சட்டப்புத்தகம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பின்னால் வரிசையாக வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விழுந்தது, நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

"ஏய், உனக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று கத்தினேன். "விளக்கு விழுந்து மறுபடி சிவப்பாயிடுச்சு! குட்டியைப் பாத்தது போதும், ரோட்டைப் பாரு! கிளட்ச்சை மிதி, மிதின்னு சொன்னேன்ல, காலா அது கட்டையா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். மூக்கு சிவந்து, முகமெல்லாம் ஈரம்.

"அப்பாடா," என்றாள். "இனிமே என்கிட்ட மறைக்க உனக்கு ஒண்ணுமில்ல போல."

கிளட்ச்சை மிதித்தாள்.